கான்கிரீட்டுக்கு மேல் ஈரக் கீற்று

என் மகள் தஞ்சாவூர் புறவழிச்சாலைக்கு அப்பால் வீடு கட்டுகிறாள். பசுமை வீடாம். இரட்டைச் சுவர், நடுவில் காற்று நிற்க இடைவெளி. மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு. சூடான காற்று வெளியேற உச்சியில் சின்னச் சின்னத் திறப்புகள். "கூரை சூட்டை வாங்காம இருந்தாலே கரண்ட் செலவு கொறஞ்சிடும்மா" என்று இன்ஜினியர் தம்பி எனக்கு விளக்கினார். தலையாட்டி வைத்தேன். கூரை சூட்டை வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அப்போது நாங்கள் நாகப்பட்டினத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் இருந்தோம். பண்ணை வேலை செய்த குடும்பங்களுக்கான ஒற்றை அறை வீடுகள், மேலே கான்கிரீட். இனி உங்களுக்குக் குடிசை வாழ்க்கை இல்லை என்று திறப்பு விழா மேடையில் முழங்கினார்களாம். பிறகு ஆட்சி மாறியது, சுவரில் வரைந்த சின்னம் மாறியது, கான்கிரீட்டின் குணம் மட்டும் மாறவில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கியது. மின்சாரம் ஒரு பல்புக்கு மட்டும்தான், ஃபேன் போடக்கூடாது. கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். எங்கள் கிழக்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. அந்தப் பக்கம் மிராசுதாரின் தென்னந்தோப்பு. காலனிக்கு எடுத்த நிலமும் அவருடையதுதான், வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வைத்தால் தோப்பிலிருந்து வரும் காற்றில் எங்களுக்குப் பாத்தியதை வந்துவிடும் என்று அவர் கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது காற்றுக்கும் பொருந்தும்.

சித்திரையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கூடவே வலிப்பும் வந்தது. கண் மேலே செருகி, கை கால் இழுத்து, உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

"ஒடம்புல சூடு ஏறாமப் பாத்துக்கம்மா. ஏறினா மறுபடி இழுக்கும். புள்ள எத்தனை தடவை தாங்கும்னு சொல்ல முடியாது. குளிர்ச்சியான எடத்துல வச்சுக்க" என்றார் டாக்டர்.

பாவம், அவர் என் வீட்டைப் பார்த்ததில்லை.

வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடியில் கிடந்து பார்த்தேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மேல்காற்று அனலாக முகத்தில் அடித்தது. வீட்டுக்குள் ஈரத்துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து நானே மேலே ஏறிக் கூரை முழுக்க வெள்ளையடித்தேன். சூடு கொஞ்சம் தணிந்தது, போதவில்லை. மறுநாளே குழந்தைக்கு மறுபடி இழுத்தது. இந்த முறை அது கண் திறக்க வெகுநேரம் ஆனது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரிடம், கூரைமேல் தென்னங்கீற்று போடச் சொன்னேன்.

அது எங்கள் காலனியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. அங்கே மாட்டுக்கொட்டகைக்குக்கூடத் தகரம்தான். கல்யாணம் என்றால் துணிப்பந்தல். கூலி உயர்த்திக் கேட்ட வருஷம் பண்ணை ஆட்கள் இவர்களுடைய கீற்றுக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். அப்போது சிறுபையனாக இருந்த என் கணவர் தப்பினார். அவருடைய தங்கை தப்பவில்லை. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் அதற்குமேல் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை.

"இந்த எடத்துல கீத்து ஏறாது" என்றார்.

"செத்துப்போன புள்ளைக்காக இருக்குற புள்ளையையும் சாவக் குடுக்கணுமாங்க?" என்று கேட்டேன். கேட்டதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. குழந்தை என் மடியில் கொதித்துக்கொண்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் சைக்கிள் நிறையக் கீற்றுக் கட்டோடு வந்தார். காலனி மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டு அக்கா, "திருப்பிக் கொண்டு போயிடு தம்பி, எங்க கண்ணுல படவேணாம்" என்று கெஞ்சினாள். அவளும் அந்தத் தீயில் மகனைக் கொடுத்தவள். இவர் கட்டை அவிழ்த்துக் கூரைமேல் ஏற்றினார். செங்கல் அடுக்கி, மூங்கில் பரப்பி, கான்கிரீட்டுக்கும் கீற்றுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு வேய்ந்தார். முடித்ததும் அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடம் குடமாக மேலே கொண்டுபோய் ஊற்ற ஆரம்பித்தார். விடிந்ததும் மறுபடி ஊற்றினார்.

"இப்புடி நனைச்சா கீத்து அழுவிப் போயிடுங்க."

"அழுவட்டும். காயக் கூடாது."

நெருப்புக்குப் பயந்து ஊற்றிய தண்ணீர்தான் வீட்டைக் குளிர வைத்தது. உச்சிப்பொழுதில் கூரையைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்ப் பானையின் அடிப்பக்கம் மாதிரி ஜில்லென்று இருந்தது. குழந்தையின் நெற்றி வியர்வை அடங்கியது. பல நாளுக்குப் பிறகு அது முனகாமல் தூங்கியது. எனக்கு அழுகை வந்தது.

அவர் மட்டும் உள்ளே வரவில்லை. வாசலில் வெயிலில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உள்ள வாங்க, குளுமையா இருக்கு."

"நான் இங்கயே இருக்கேன். நீ கதவ மட்டும் சாத்தாத."

"அனல் உள்ள வருதுங்க, பாப்பா மேல அடிக்குது. கொஞ்ச நேரம் சாத்திக்கிறேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு வெளியில தாப்பா போட்டுட்டானுவ. நான் பின்பக்கம் கீத்தப் பிச்சிக்கிட்டு வந்துட்டேன். தங்கச்சிய வா வான்னு கூப்புட்டேன். அது சின்னப் புள்ள, கதவு தொறக்கும்னு கதவுகிட்டயே நின்னுச்சு."

குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர்தான் எழுந்து வந்து, குழந்தை எழுந்துவிடாமல் மெதுவாகக் கதவை இழுத்தார்.

"சாத்திக்க. நீயும் சித்த படு" என்றார்.

அறை இருண்டு குளிர்ந்தது. ஆனால் கதவு முழுவதும் மூடவில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே அவர் தன் காலை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். குழந்தை விழிக்கும்வரை அந்தக் கால் அங்கேயே இருந்தது.