தானாக ஏறிய காற்று

மணலில் ஜீப் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் டயர்களின் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று மணலைப் பிடிக்கும், புதையாது. இறக்குவது சுலபம், வால்வுக்குள் ஒரு குச்சியை வைத்து அழுத்தினால் போதும். திரும்பித் தார்ச்சாலையில் ஏறும்போதுதான் சிக்கல். காற்றில்லாத டயரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழிந்துவிடும்.

நாங்கள் நான்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓடும் மணல் பாதைகளுக்குப் போவது வழக்கம். எங்களில் ஒருவனிடம் மட்டுமே காற்றடிக்கும் இயந்திரம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அவன் தன் வண்டிக்கு அடித்து, மற்ற இருவருக்கும் அடித்துக் கடைசியில் என்னிடம் வருவான். "மச்சி, நீயும் ஒண்ணு வாங்கிடேன்டா" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வான். நாலாவது முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில், பாட்டரியில் கிளிப் மாட்டி ஓட்டும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று கிடைத்தது. நண்பனுடையதன் விலையில் கால்வாசிகூட இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. பெட்டியில் டேப் இரண்டு முறை ஒட்டியிருந்தது. கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். நிறுத்தி, மறுபடியும் ஓட்டச் சொன்னேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா பாக்குற? புச்சுதான் சார், எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. ஆனாலும் வாங்கினேன்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால், அதன் குழாய் மூன்று சக்கரங்களுக்குத்தான் எட்டியது. பின்பக்க இடது சக்கரம் ஒரு முழம் தள்ளி நின்றது. அதற்கென்று வேறொரு பழைய குழாயும், வால்வில் திருகும் பித்தளை முனை ஒன்றும் தேடிப் பிடித்து, நானே கிளிப் போட்டு இணைத்தேன். எல்லாவற்றையும் ஓர் அரிசிப் பையில் போட்டுக் கட்டினால், என் ஏற்பாடு தயார். இரண்டு டயருக்கு அடித்ததும் கம்ப்ரஸர் கொதிக்கும், கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். ஆனால் வேலை செய்தது. முதல் ஞாயிறு நண்பன் குனிந்து பார்த்து, "பரவால்லையேடா" என்றான். அதிலும் ஏதோ உள்குத்து இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

நான் இயல்பிலேயே சந்தேகக்காரன் என்று என் மனைவி சொல்வாள். பால் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை படிப்பவன் என்பாள். அது உண்மைதான்.

எங்கள் வீடு அடையாறில், எட்டுக் குடித்தனம் உள்ள அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. தி. நகர் அலுவலகத்துக்கு நான் ஸ்கூட்டரில் போய்விடுவேன். ஜீப் வாரம் முழுக்கக் கீழே தூண்களுக்கு நடுவே நிற்கும். ஒரு திங்கட்கிழமை காலை டயர்க் காற்றைச் சும்மா அளந்து பார்த்தேன். ஞாயிறு மாலை எல்லாவற்றிலும் முப்பத்திரண்டு பாயிண்ட் வைத்திருந்தேன். மூன்று சக்கரங்களில் அப்படியே இருந்தது. பின்பக்க இடதில் இருபத்தாறு. செவ்வாய் இருபத்தொன்று. கம்ப்ரஸரை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். புதன்கிழமை காலை அளந்தால் இருபத்தேழு.

நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். காற்று தானாக இறங்கலாம். தானாக ஏறுமா?

முதலில் அளவுமானியைச் சந்தேகித்தேன். அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பெட்ரோல் பங்குக்குப் போய், அங்குள்ள மானியோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றையே காட்டின. அப்படியானால் யாரோ என் டயரில் கைவைக்கிறார்கள். இறக்கிவிட்டு, பயந்துபோய்க் கொஞ்சம் ஏற்றியும் வைக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் இரவுக் காவலாளிக்கு என் வயதுதான் இருக்கும். ஒருகாலத்தில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பழைய மொபெட்டில் வந்து போவார். அதற்கு ஒரு மாதம் முன்பு நான் அவர்மேல் குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு ஞாயிறுகள் விடியற்காலையில் நான் ஜீப்பை எடுக்க இறங்கியபோது கேட் திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். அவர் மனைவி மீன் விற்பவர். படகுகள் கரையேறும் நேரத்தில் இவர் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போய் அவருக்காக மீன்கூடை வாங்கி வைத்துவிட்டு வருகிறார் என்று பிறகு தெரிந்தது. புகாருக்குப் பிறகு போவதில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், பேசமாட்டார்.

அந்த மௌனமே எனக்குச் சாட்சியாகப் போதுமாக இருந்தது. ஆனாலும் ஆதாரம் வேண்டுமே. வியாழன் மாலை டயரில் முப்பத்திரண்டு ஏற்றி, வால்வு மூடியை இறுக்கி, மூடியிலிருந்து டயர் வரைக்கும் மனைவியின் நகப்பூச்சால் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இழுத்தேன். "டயருக்கு எதுக்கு நெயில் பாலிஷ்?" என்று அவள் கேட்டபோது குப்பியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளி காலை கோடு அப்படியே இருந்தது, காற்று இருபத்தைந்து. கோடு கலையாமல் காற்று எப்படி இறங்கியது என்று நான் யோசிக்கவில்லை, கோடு உடைவதற்கே காத்திருந்தேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூடியில் இருந்த கோடு ஒரு பக்கம், டயரில் இருந்த கோடு ஒரு பக்கம்.

அப்போது சங்கச் செயலாளர் அம்மாள் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மயிலாப்பூரிலிருந்து குடிவந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நிறுத்திவைத்துக்கொண்டு, காவலாளியைக் கூப்பிட்டேன்.

"என் வண்டி டயர்ல கை வெச்சது நீங்கதானே?"

அவர் மூடியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். நான்தான் தொறந்தேன்."

செயலாளர் அம்மாள் "அடப்பாவி" என்றார். எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"எதுக்குக் காத்த எறக்குனீங்க?"

"எறக்கல சார், ஏத்துனேன்." அவர் போய்த் தன் மொபெட்டின் பக்கப் பையிலிருந்து கால் பம்பை எடுத்துவந்து தரையில் வைத்தார். "எங்க ரோட்ல ஆணி சாஸ்தி, அதான் எப்பவும் வச்சிக்கினு கீறேன். அன்னிக்கு விடிகாலைல பாத்தா உங்க டயரு உக்காந்துக்கினு கீது. ரிம்மு மேல உக்காந்தா டயரு பூடும் சார். சரி, கொஞ்சம் மிதிச்சு வுடலாம்னு மிதிச்சேன். இன்னிக்கும் அப்டிதான் கீது. மறுபடியும் மிதிச்சேன்."

"இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இன்னா கேப்பீங்க? 'காத்து இல்லேன்னு உனுக்கு எப்டி தெரியும், நீதான் புடுங்கி வுட்டியா'ன்னு கேப்பீங்க. இப்ப சொல்லாமயே கேக்குறீங்களே சார்."

ஜீப் டயருக்குக் கால் பம்பால் பத்துப் பாயிண்ட் ஏற்றுவதென்றால் முந்நூறு மிதியாவது மிதிக்க வேண்டும். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மிதித்துக் காட்டச் சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

அவரே தரை துடைக்கும் வாளியிலிருந்து சோப்புத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வால்வின்மேல் விட்டார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். கடுகு மாதிரி ஒரு குமிழ் வந்தது, பருத்தது, உடைந்தது. இன்னொன்று வந்தது. மற்ற மூன்று சக்கரங்களிலும் விட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

நான் அரிசிப் பையைக் கொண்டுவந்து, இரண்டு குழாய்களின் முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்ப்ரஸரோடு வந்த முனையில் நடுவே இருந்த ஊசி குட்டையாக இருந்தது. நான் தேடிப் பிடித்து இணைத்த பித்தளை முனையில் அது நீளமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் அதைத் திருகும்போதெல்லாம் அந்த ஊசி வால்வுக்குள் காற்றை அடைத்துவைக்கும் பின்னை அழுத்தி வளைத்திருக்கிறது. புதுப்பேட்டைக்காரர் விற்றதில் ஒரு பழுதும் இல்லை. பழுது நான் சேர்த்ததில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"வுடு சார்" என்று பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே செயலாளர் அம்மாளிடம் போய், என் பழைய புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டயர் விஷயத்தை விடுங்கோ. கேட்டைத் திறந்து போட்டுண்டு அவன் போனது நிஜம்தானே? நீங்கதானே எழுதிக் குடுத்தேள்? நான் செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போன வாரமே அனுப்பியாச்சு."

"அவர் இப்ப எங்கயும் போறதில்லையேம்மா."

"இப்ப ஏன் இவ்வளவு பரிஞ்சுண்டு பேசறேள்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்மேலேயே அவருக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

அடுத்த மாதம் காவலாளியைக் கொட்டிவாக்கத்தில் வேறொரு அடுக்ககத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

வால்வு பின்னை மாற்றி, சரியான முனை ஒன்றும் வாங்கிப் பொருத்தினேன். காற்று இறங்குவது நின்றது. இருந்தும் பல நாட்கள் காலையில் இறங்கிப்போய் அளந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்த காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொல்வார். அவர் ஏன் இத்தனை பணிவாக இருக்கிறார் என்று யோசிப்பேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மணலிலிருந்து திரும்பும் வழியில் கொட்டிவாக்கத்தில் ஜீப்பைத் திருப்பினேன். இரண்டு தெருக்கள் விசாரித்து அந்தக் கட்டிடத்தைக் கண்டுபிடித்தேன். இங்கே அவருக்குப் பகல் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தார். முகம் மாறியது.

"இன்னா சார், எதுனா காணாம போச்சா?"

"இல்ல இல்ல. சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையா?" அவர் கேட்டைத் திறக்கவில்லை. "ஏஜென்சில எதுனா சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லல. இந்தப் பக்கம் வந்தேன், அதான்."

அவர் நம்பவில்லை. பார்வை என் கைகளிலும், ஜீப்புக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் போய்வந்தது. மனைவி எப்படி இருக்கிறார், மீன் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "கீது சார், ஓடிக்கினு கீது" என்றார். நான் கிளம்புவதாகவும் இல்லை என்று தெரிந்ததும், நாற்காலிக்குக் கீழே இருந்த வருகைப் பதிவேட்டைக் கம்பிகளுக்கு இடையே நீட்டினார்.

"உள்ள வர்றதுன்னா எழுதணும் சார். ரூல்ஸு."

வாங்கிக்கொண்டேன். பெயர் எழுதினேன், வண்டி எண் எழுதினேன், நேரம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'வந்த காரணம்' என்று இருந்தது. அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் அங்கே என்ன எழுதப் போகிறேன் என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.