தோமினிக் அண்ணனின் ‘புட் அப்’ கட்டுகள்

தோமினிக் அண்ணனைக் கிறுக்கன் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி எனக்கு என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது? சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்கு நான் கோயில்பிள்ளை. மணி அடிப்பேன், மெழுகுதிரி ஏற்றுவேன், பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பேன். அவர் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தார். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா.

1951-ல் அவருடைய ஆபீஸுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் ஓரத்தில் ‘புட் அப்’ என்று எழுதுவாராம். கோப்பைச் சரிசெய்து என் மேஜைக்குக் கொண்டுவா என்று அர்த்தம். மற்ற குமாஸ்தாக்கள் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். இந்த மனுஷர் மட்டும், இங்கிலீஷ்காரன் இந்த இரண்டு சொல்லைச் சேர்த்து முன்னூறு நானூறு வருடமாக என்னென்ன சொல்லியிருக்கிறான் என்று தேட ஆரம்பித்தார். தேடல் பதினோரு வருடம் ஓடியது. என்னத்தைச் சொல்ல!

செவ்வாய்ப்பேட்டையில் பழைய பேப்பர் கடை ஒன்று விடமாட்டார். துரைமார்கள் விட்டுப்போன கரையான் அரித்த புத்தகங்களை எடை போட்டு வாங்கி வருவார். அந்தச் சொல் வரும் வரியைச் சின்னத் துண்டுத்தாளில் எழுதி, எந்தப் புத்தகம், எந்த வருடம், என்ன அர்த்தம் என்று குறித்துக்கொள்வார். ஒரு காலத்தில் உருவிய கத்தியை உறையில் போடுவதற்கு அந்தச் சொல்லாம். வேட்டையில் புதருக்குள் பதுங்கிய முயலைக் கிளப்பிவிடுவதற்கும் அதுதானாம். சத்திரத்தில் தங்குவதற்கும் அதுதான். பட்ட அவமானத்தைப் பைக்குள் போட்டு மூடிக்கொள்வதற்கும் அதுதான். அதிலிருந்துதான் பிற்பாடு ‘சகித்துக்கொள்’ என்ற அர்த்தம் வந்ததாம். பூசை முடிந்து நான் கதவு சாத்தப் போகும் நேரத்தில் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொல்வார். எனக்குக் காலை டீக்கு நேரமாகும். தலையை ஆட்டிவைப்பேன்.

வீட்டில் யாரும் அந்தத் துண்டுகளைத் தொடக்கூடாது என்று அவர் ஒரு வழி செய்தார். குருத்தோலை ஞாயிறன்று சாமியார் மந்திரித்துத் தரும் ஓலையை எங்கள் வீடுகளில் யாரும் குப்பையில் போடமாட்டோம்; பாவம். அந்த ஓலையை நாராகக் கிழித்து, துண்டுத்தாள்களைக் கட்டுக் கட்டாக அதால் கட்டி வைத்தார். “மந்திரிச்ச ஓலை கட்டியிருக்குது, கை வெக்காதே” என்று மனைவி செல்வமேரி அக்காளிடம் சொன்னார். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த அக்காளுக்கு இங்கிலீஷ் தெரியாதே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பார். அங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார்.

1961 கிறிஸ்துமஸ் கழிந்து அவருக்கு இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே அகராதி தயாரிக்கும் ஒரு குழுவுக்கு அவர் எழுதியிருந்தார். ‘சகித்துக்கொள்’ என்ற அர்த்தத்தில் அந்தச் சொல் 1694-ஆம் வருடத்திலேயே அச்சில் வந்த ஒரு தாள் தன்னிடம் இருப்பதாகவும், அகராதிகள் காட்டும் காலத்துக்கு அது அறுபது வருடம் முந்தியது என்றும் சொல்லியிருந்தார். புத்தகம் கரையானுக்குப் போய், அந்த ஒரு தாள்தான் மிஞ்சியிருந்தது. தாளையும் துண்டுகளையும் அனுப்புங்கள், சரியாயிருந்தால் உங்கள் பேரோடு சேர்க்கிறோம் என்று பதில். துண்டுகளை வருடவாரியாக அடுக்கி முடித்ததும் எல்லாவற்றையும் அனுப்பலாம் என்று, அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கிறுக்கன் என்று சொன்ன ஊர் வாயை அடைக்க அவருக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது.

அடுத்த மார்ச்சில் விபூதிப் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கும் அன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக, போன வருடத்து மந்திரித்த ஓலைகளை வீடு வீடாக வாங்கி எரிப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை சாக்கோடு போனேன். அண்ணன் ஆபீஸ் வேலையாக நாமக்கல் போயிருந்தார். செல்வமேரி அக்காள் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையைத் தந்துவிட்டு, உள்ளே போய் நாற்பது ஐம்பது காகிதக் கட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

“இதென்னங்க அக்கா, காயிதமா இருக்குது?”

“எல்லாத்துலயும் மந்திரிச்ச ஓலை கட்டியிருக்குதுங்க தம்பி. வருசக்கணக்கா ஊட்டுல கெடக்குது. எரிக்கறதுக்குக் குடுக்காம வெச்சிருந்தா தோசமுங்களே.”

நியாயமாகத்தான் பட்டது. வாங்கிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்னால் ஓலையைக் குவித்துப் பற்றவைத்தேன். நமத்துப்போன ஓலை பிடிக்கவில்லை. ஒரு கட்டிலிருந்து தடித்த, மஞ்சளேறிய தாள் ஒன்றை உருவினேன். பழங்காலத்து அச்சு. அடியில் 1694 என்று இருந்தது, கண்ணால் பார்த்தேன். ஒரு வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் கோடு. நன்றாகக் காய்ந்த தாள். அதைச் சுருட்டித்தான் தீ வைத்தேன்.

புதன் காலை அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து நேரே பூசைக்கு வந்துவிட்டார். சாமியார் பக்கத்தில் சாம்பல் தட்டை நான் ஏந்தி நின்றேன். அண்ணன் முழந்தாளிட்டார். சாமியார் அவர் நெற்றியில் சாம்பலைப் பூசினார். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

அரைமணி நேரத்தில் திரும்பி ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. பின்னாலேயே அக்காள், வாயைப் பொத்திக்கொண்டு.

“எல்லாமா ராயப்பா?”

“எல்லாமுங்கண்ணா.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. நெற்றியில் கை வைத்தார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அதுல ஒரு பழைய தாள், மஞ்சளா. நீ பாத்தியா?”

பார்த்தேன் என்றால், பார்த்துமா எரித்தாய் என்பாரே. சாமியார் காதுக்குப் போகுமே. என் நாக்கு அழுகட்டும்.

“இல்லைங்கண்ணா. கட்டோட போட்டுட்டனுங்க.”

நடந்ததை அப்படியே இங்கிலாந்துக்கு எழுதினார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதத்தோடு கோயிலுக்கு வந்து எனக்குத் தமிழில் சொன்னார். தாள் எரிந்ததற்கு வருந்துகிறார்கள். அதைக் கண்ணால் கண்ட வேறொருவர் இருந்தால், வருடத்தைப் பார்த்ததாக அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் யோசிப்பார்களாம். இல்லையென்றால் இவர் பேச்சை மட்டும் வைத்து ஏற்க முடியாதாம்.

“பொய் சொல்றேன்னு நெனைக்கறாங்க, ராயப்பா” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோயிலில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. வாய்வரைக்கும் வந்தது.

“நீ மட்டும் பாத்திருந்தீன்னா ஒரு வரி எழுதிக் குடுத்திருப்பே.”

“கட்டாயமுங்கண்ணா” என்றேன்.

“அது எனக்குத் தெரியுஞ் சாமி” என்று என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.