அண்ணாச்சி வீடு மாறினார், தேனீ மாறவில்லை

சோமசுந்தரத்தை எங்கள் பிளாக்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தென்காசிப் பக்கத்துக்காரர், அதனால் அண்ணாச்சி. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர். அங்கே எப்படி வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் குவார்ட்டர்ஸுக்கும் என் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் ஆணி அடித்தால் எங்கள் வீட்டில் காலண்டர் விழும்.

மனிதருக்கு இரண்டு கிறுக்கு. ஒன்று ரிப்பேர், இன்னொன்று தேனீ.

முதல் கிறுக்கால் அவதிப்பட்டவர்கள் நாங்கள். பம்ப் ஸ்டவ், டார்ச் லைட், சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, எது பழுதானாலும் அவர் காதுக்குப் போய்விடும். கூப்பிடாமலே ஸ்பேனரோடு வந்து நிற்பார். காசு வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம். அவர் கைபட்ட சாமான் ஓடாமல் போனதில்லை, பழையபடி ஓடியதும் இல்லை. எங்கள் மேசை ஃபேன் அவர் பார்த்த பிறகு ஜோராகச் சுற்றியது, ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டு இறக்கையை ஒரு தடவை விரலால் தள்ளிவிட வேண்டும். கேட்டால், "ஒரு தள்ளு தள்ளுனா விரலு தேஞ்சா போயிரும்?" என்பார். கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் அவர் திருப்பி மாட்டியதாகச் சரித்திரம் இல்லை. மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "செஞ்சவன் தேவையில்லாம போட்டிருக்கான்வே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

இதில் பெரிய வினையாக முடிந்தது இன்னாசிராஜின் ரேடியோ. இன்னாசிராஜ் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கிரேன் ஆப்பரேட்டர், அப்போது நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். அண்ணாச்சி பிரித்து மாட்டிக் கொடுத்த பிறகு அந்த ரேடியோ இலங்கையை மட்டும் பிடித்தது, அதுவும் பீரோ மேல் வைத்தால் மட்டும். இன்னாசிராஜ் அதைப் பண்ருட்டியில் ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்தக் கொத்தனாரு சார் இதத் தொட்டது?" என்று கேட்டானாம். இதைக் கேன்டீனில் நாலு பேர் நடுவே சொல்லி இன்னாசிராஜ் சிரித்தார். அந்த நாலு பேருக்குப் பின்னால் டீ கிளாஸோடு நின்றது அண்ணாச்சி. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இரண்டாவது கிறுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ரயில் ஏறி வந்தது. தங்கை வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் நேந்திரம் சிப்ஸ் கொண்டு வருவார்கள். இவர் தேனீப் பெட்டி கொண்டு வந்தார். வாசலில் வலை கட்டிய பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்ததில் பக்கத்து சீட்டெல்லாம் காலியாகி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வந்தாராம். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நாலு கால் ஸ்டாண்டு, எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம், அதன் மேல் பெட்டி. டவுன்ஷிப்பில் வேம்புக்கும் புங்கனுக்கும் பஞ்சமில்லை, தேனீக்கள் பெருகின.

ஷிஃப்ட் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்காருவார். இரண்டு பெண்களும் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்று கேட்டால் யோசிப்பார், ராணித் தேனீயின் வயதை உடனே சொல்லுவார். "அதுகளுக்கு என் வாடை தெரியும்வே. என்னைக் கொட்டாது" என்பார். கொட்டியதெல்லாம் என்னைத்தான். ஒரு தடவை மேலுதடு வீங்கி நான் ஆபீசுக்கு லீவு போட்டேன். என் மனைவி அன்று முழுக்கச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் அவற்றை நேசித்தார், வெட்கமில்லாமல் நேசித்தார். எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படி இருக்கையில் அவர் மனைவி தமயந்தி பல வருஷமாக எதிர்பார்த்திருந்த பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வளர்ந்த பெண்களுக்குத் தனியாக ஒரு அறை. வேறு பிளாக், சைக்கிளில் ஒரு பீடி தூரம். காலியாகும் பழைய வீடு யாருக்கு வந்தது என்றால், சாட்சாத் இன்னாசிராஜுக்கு.

தேனீப் பெட்டியை இடம் மாற்ற ஒரு முறை உண்டு. ஒன்று, தினமும் ஒரு அடி ஒரு அடியாக நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரேயடியாகத் தொலைவில் கொண்டுபோய்ச் சில வாரம் வைத்து, பழைய இடம் மறந்த பிறகு கொண்டுவர வேண்டும். இடைப்பட்ட தூரம் மட்டும் ஆகாது. மேயப் போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணாச்சிதான். திருவதிகையில் அவருக்குத் தெரிந்த பெரியண்ணன் என்பவருக்குத் தோப்பு இருந்தது. கொஞ்ச நாள் அங்கே வைக்கலாமே என்றேன்.

"பெரியண்ணனா? அவன் அடையோட பிழிஞ்சு குடிச்சிருவான்வே."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நான் யோசிச்சிட்டேன். இந்த ஊர்ல எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. நமக்கே நம்பரைப் பாத்தாத்தான் நம்ம வீடு எதுன்னு தெரியுது. தேனீ என்ன நம்பரா படிக்கும்? பின்பக்கத்தை அப்படியே அங்க செட் பண்ணிட்டம்னா முடிஞ்சுபோச்சு."

ரிப்பேர்க்காரர் தேனீக்காரரை ஜெயித்துவிட்டார். புது வீட்டுப் பின்பக்கத்தில் ஸ்டாண்டை அதே திசை பார்த்து நிறுத்தினார். துவைக்கிற கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார். ஓட்டை வாளி போனது. முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக் கொண்டுபோய் நட்டார். பாத்திரக்காரனுக்குப் போட வைத்திருந்த பழைய பச்சைச் சேலையைத் தமயந்தி கையிலிருந்து பிடுங்கிக் கொடியில் காயப்போட்டார். அது போதாதென்று என் வீட்டுக் கொடியில் கிடந்த லுங்கியையும் உருவிக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"அதுகளுக்குப் பழக்கமான லுங்கிவே. தெனமும் பாக்குதுல்லா."

பொழுது சாய்ந்ததும் பெட்டி வாசலில் புல்லை அடைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, சாமி ஊர்வலம் மாதிரி கொண்டுபோய் வைத்தோம்.

காலையில் புல்லை எடுத்ததும் தேனீக்கள் வெளியே வந்தன. பச்சைச் சேலையைப் பார்த்தன, என் லுங்கியைப் பார்த்தன, பறந்து போயின. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பிரமோஷன் கிடைத்த பெருமை இருந்தது. போனது போனதுதான். ஒன்றும் திரும்பவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில், ஸ்டாண்டு இருந்த வெற்றிடத்தில், பெட்டியின் வாசல் எந்த உயரத்தில் இருந்ததோ சரியாக அந்த உயரத்தில், ஒரு கூட்டம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் களைத்துப்போய் முருங்கைக் கிளையில் ஒரு கொத்தாகத் தொங்கியது. ஒவ்வொரு நாளும் அந்தக் கொத்து சிறுத்துக்கொண்டே வந்தது. அதற்குள் இன்னாசிராஜ் குடும்பத்தோடு குடிவந்துவிட்டார்.

புது வீட்டில் இன்னும் மோசம். பெட்டிக்குள் ராணியும், பறக்கத் தெரியாத இளசுகளும், புழு அடையும்தான் மிச்சம். தீனி கொண்டுவர ஆளில்லை. அண்ணாச்சி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெட்டியும் கூட்டமும் சீக்கிரம் ஒன்று சேராவிட்டால் இரண்டுமே சாகும். சேருகிற இடம் ஒன்றுதான், அது இன்னாசிராஜ் வீட்டுப் பின்பக்கம்.

வீட்டை மறுபடி மாற்றிக்கொண்டால் என்ன என்று தமயந்தியிடம் மெல்ல ஆரம்பித்திருக்கிறார்.

"எத்தன வருசமா காத்துக் கெடந்து கெடச்ச வீடு இது. நான் நகர மாட்டேன். வேணும்னா நீங்க போயி அந்த முருங்க மரத்துல தொங்குங்க, உங்க மக்களோட சேந்து."

தேனீக்களைக் குறை சொல்லவும் அவருக்கு வாயில்லை. அந்த வாரத்தில் ஷிஃப்ட் முடிந்த தூக்கக் கலக்கத்தில் அவரே பழைய தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பி, பழைய கேட்டைத் திறந்து, இன்னாசிராஜின் பனியன் கொடியில் காய்வதைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.

மறுநாள் இன்னாசிராஜ் சுவருக்கு மேலிருந்து என்னிடம் சொன்னார்: "உங்க அண்ணாச்சி கிட்ட சொல்லிடுங்க சார். அதுங்கள வந்து எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. இல்லன்னா பந்தம் கொளுத்திடுவேன். கொழந்தைங்க இருக்கற வூடு."

போய்ச் சொன்னேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீரு ஒரு வார்த்த கேளுமேவே."

"நான் கேக்க மாட்டேன். உங்க தேனீ, உங்க வாய்."

வந்தார். தான் இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டு வாசலில் கடன் கேட்க வந்தவர் போல நின்றார். நான் வெட்கத்தை விட்டுச் சுவரோரம் காதை வைத்தேன்.

"இன்னா விஷயம்?" என்றார் இன்னாசிராஜ்.

"பெட்டிய பழைய எடத்துலயே கொண்டாந்து வச்சிக்கிடுதேன். வேற வழியில்ல. வைக்கலன்னா எல்லாம் செத்துரும்."

அந்தக் கெஞ்சலை இன்னாசிராஜ் சப்புக்கொட்டி ருசிப்பது சுவருக்கு இந்தப் பக்கமே கேட்டது. அதற்குள் அவர் மனைவி சகாயம்மாள் சமையல்கட்டிலிருந்து வந்துவிட்டாள்.

"தேனீ கெடக்குதுண்ணே. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்கு போவுது. இந்த வூட்ட இன்னா பண்ணி வச்சிக்கினு போயிருக்கீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

"வீட்டுக்கு என்னம்மா?"

"இன்னாவா? பின் கதவ ரெண்டு கையால தூக்கனாத்தான் தெறக்குது. பாத்ரூம் சுவிட்ச போட்டா சமையக்கட்டுல லைட்டு எரியுது. பைப்ப மூடணும்னா கட்டையால தலையில தட்டணுமாம், பக்கத்து வூட்டு சார் வந்து சொல்ற வரிக்கும் தண்ணி ராவும் பகலுமா ஓடிக்கினு இருந்துச்சி. ஆணி வச்சி அடிச்ச ஜன்னல இதுவரிக்கும் தெறக்கவே முடியல."

அண்ணாச்சியின் குரலில் பழைய கம்பீரம் எட்டிப் பார்த்தது. "அது ஒரு டெக்னிக்மா. அந்தக் கதவு இருக்கே..."

"டெக்னிக்க நீங்களே எடுத்துக்கினு போங்க. வூடு வூடா இருக்கட்டும். எல்லாத்தையும் கழட்டி முன்ன எப்பிடி இருந்துச்சோ அப்பிடி வச்சிக் குடுங்க. பொட்டி எத்தன வருஷம் வேணாலும் இங்கயே இருக்கட்டும்."

"அதான். கழட்டுங்க," என்றார் இன்னாசிராஜ். அவருக்கு இதைவிட நல்ல தண்டனை தோன்றியிருக்காது.

அண்ணாச்சி சம்மதித்தார். வாயில்லா ஜீவன், கழற்றுகிற வேலை ஆஃப் நாளில் நடக்கட்டும், பெட்டியை இன்றைக்கே வைத்துவிடுங்கள் என்று சகாயம்மாளே சொன்னாள்.

அந்தி வேளையில் பெட்டி முருங்கை மரத்தடிக்குத் திரும்பியது. உள்ளே இருந்தவை சில வாசலுக்கு வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு இறக்கை வீசி, வெளியே இருந்தவற்றைக் கூப்பிட வாடை பரப்பின. கிளையில் தொங்கிய கொத்து கலைந்தது. சங்கு ஊதியதும் சுரங்க கேட்டுக்குள் நுழைகிற கூட்டம் போல, தள்ளிக்கொண்டு உள்ளே போயின. அண்ணாச்சி பக்கத்தில் குந்தியிருந்தார். ஒன்று அவர் கன்னத்திலேயே கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை.

"என்னைத் தேடி ஒண்ணு கூட வரலவே," என்றார் என்னிடம். "அந்த வீட்டுக்கு ஒண்ணு கூட வரல. இந்த எடத்தத்தான் தெரிஞ்சிருக்கு. என்னைத் தெரியல."

என் வாயில் கேலி தயாராக இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

ஆஃப் நாளன்று டூல்ஸ் பையோடு வந்து எல்லாவற்றையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் எவ்வளவு யோசித்துச் செய்தார் என்று எனக்குத் தெரியும்; அந்தக் காலத்தில் அந்தக் கதவுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. சுவிட்ச் வயரை நேராக்கினார். ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினார். பிளம்பர் சிங்காரவேல் வந்து, கட்டை எதுவும் கேட்காத, கையால் திருகினால் மூடுகிற சாதாரணக் குழாய் ஒன்றை மாட்டினான். அண்ணாச்சி அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். இன்னாசிராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பண்ருட்டியில் சரி செய்த ரேடியோவைப் பக்கத்தில் வைத்துத் திருச்சி நிலையத்தைச் சத்தமாகக் கேட்டார். அவருக்கும் ஒரு நாள் வர வேண்டாமா?

வேலை முடிந்ததும் அண்ணாச்சி புதுக் குழாயில் கை கழுவினார். மூடிப் பார்த்தார். மூடியது. மறுபடி திறந்து மூடிப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு வந்து, டூல்ஸ் பையைக் கேரியரில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாசி."

"இன்னா?"

"வாரத்துல ஒரு நாள் வந்து பாத்துக்கிடலாமா?"

"எத? வூட்டையா, தேனீயையா?"

"ரெண்டையும்தான்."

"தேனீய மட்டும் வந்து பாருங்க. டூல்ஸ் பைய உங்க வூட்லயே வச்சிட்டு வாங்க."

அண்ணாச்சி சரியென்று தலையாட்டினார். கன்னத்தில் கொட்டு வாங்கியபோது கலங்காத கண் அப்போது கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் மனைவிக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்த தையல் மிஷின், ஒரு நாளும் மக்கர் செய்யாதது, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, போறதுக்கு முன்னாடி எங்க தையல் மிஷினக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க, என்னமோ சத்தம் வருது" என்று கூப்பிட்டுவிட்டேன்.