பாதிப் பாட்டு

மயிலாப்பூர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்த ரகுபதிக்குக் காபியைத் தாண்டி எந்தப் போதையும் தெரியாது. ஆனாலும் 1993இல் அவர் எழுதிய குடிகாரப் பாட்டுதான் அடையாறு முதல் கே.கே. நகர் வரை கல்யாண வரவேற்புகளில் கைதட்டலை அள்ளியது.

நண்பர் நெடுஞ்செழியனின் மெல்லிசைக் குழுவுக்காக எழுதியது. ‘தொண்டைக்குள்ளே நிலா இறங்குது, தோளில் ரெக்கை முளைக்குது’ என்று முதல் சரணம் துள்ளும். இரண்டாவதில் ரெக்கை உதிரும், குடும்பம் தெருவுக்கு வரும். ரகுபதி மண்டையை உடைத்துக்கொண்டது இரண்டாவதுக்குத்தான். மேடையிலோ முதல் சரணம் முடிந்ததுமே “ஒன்ஸ் மோர்” என்று விசில் பறக்கும். நாலு கச்சேரி பார்த்துவிட்டு நெடுஞ்செழியன் இரண்டாவதை வெட்டிவிட்டார்.

“கேக்கறவன் எத கேக்கறானோ அதத்தானே மச்சி பாடணும்?”

ரகுபதிக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் தன் வரியை முணுமுணுத்ததைக் கேட்ட சுகம், அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது.

அதே அச்சகத்தில் தாள் மடிக்கும் சுலோச்சனா ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து அவர் மேஜைக்கு வந்தாள்.

“சார், அந்த நிலா பாட்டு நீங்க எழுதினதாமே?”

“ஆமாம்மா,” என்று ரகுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க வூட்டுக்காரரு டெய்லி அதத்தான் பாடிக்கினு வராரு. தொண்டையில நிலா எறங்குதாம். எறங்கினது வெளிய வந்தா கழுவறது நான். ரெக்கை மொளைக்குதாம். நேத்து ரெண்டு பேரு தூக்கிக்கினு வந்து போட்டாங்க. அவரு ஓட்டற ஆட்டோ எங்க கீதுன்னே தெரியல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ரகுபதிக்குக் காது சுட்டது.

“அதுக்கு இன்னொரு சரணம் இருக்கும்மா.”

“அது யாருக்கு சார் தெரியும்?”

அன்று மாலையே இரண்டாவது சரணத்தை அவர் கிழித்துப் போட்டார். சுலோச்சனாவிடம் கேட்டு, அவள் சொன்னவற்றையே பதில்வரிகளாக எழுதினார். குடிகாரன் ஒரு வரி பாடினால், அதே மெட்டில் அவன் மனைவி ஒரு வரி. ‘ரெக்கை முளைக்குது’ என்றால் ‘ரெண்டு பேரு தூக்கி வாராங்க’. இனி ஒன்றை விட்டு ஒன்றைப் பாட முடியாது. குழுவின் பாடகி ஜலஜா அந்த வரிகளை அலட்டிக்கொள்ளாமல் பாட, மேடை முன்னைவிடக் களைகட்டியது.

தியாகராய நகரில் நடந்த ஒரு வரவேற்புக்குச் சுலோச்சனா கணவன் பொன்ராஜோடு வந்திருந்தாள். கூட்டம் சிரித்தது, பொன்ராஜும் சிரித்தான். ‘தூக்கி வாராங்க’ என்ற வரியில் அவன் சிரிப்பு நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு அவன் அந்தப் பாட்டைப் பாடுவதை விட்டான். குடியை விடுவதற்கு இன்னும் இரண்டு வருடமும் ஒரு மஞ்சள் காமாலையும் தேவைப்பட்டன. பிறகு ஒழுங்காக ஆட்டோ ஓட்டினான், கச்சேரிகளுக்கும் வந்தான். அந்தப் பாட்டு தொடங்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். சுலோச்சனா அவனைத் தடுப்பதில்லை.