வார்டன் கை வைத்த சோறு

யுத்த காலத்தில் நான் சேலத்தில் ஒரு கல்லூரிக்குக் கணக்கு வாத்தியார். வயது இருபத்தைந்து. பையன்கள் ஜன்னலில் கல்லெறிந்து விடுதி வார்டனைத் துரத்திவிட்டதும், பிரின்சிபால் சாவிக்கொத்தை என்னிடம் தள்ளினார். சின்னவர் நிர்வாகம் பழகட்டும் என்றார். இளிச்சவாயன் யார் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

விடுதியில் ஒரு வழக்கம். வார்டன் இலையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். சமையல்காரர் அதில் மகா கறார்.

ஓமலூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் மகன் ஒருவன் அந்த வருஷம் சேர்ந்திருந்தான். அவனுக்கு மட்டும் பின்கட்டில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் இலை போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ளே வந்து உட்கார்" என்றேன். வந்து கடைசி இலையில் உட்கார்ந்தான்.

பரமத்தி வேலூர்ப் பண்ணைக்காரர் மகன் அந்த இலையைக் காலால் எத்தினான். "எங்க தோட்டத்துல கூலிக்கு நிக்கறவனோட நானு உக்காரோணுமா?"

ஓமலூர்ப் பையன் எழுந்து ஓர் அறை விட்டான். எனக்கு உள்ளூர சந்தோஷம். அதற்குள் பண்ணைக்காரர் மகன் பின்கட்டிலிருந்து உருவிவந்த விறகுக் கட்டை அவன் தலையில் இறங்கிவிட்டது. பையனின் நெற்றி பிளந்து ரத்தம் சோற்றில் கொட்டியது. அடுத்த அடிக்குக் குறுக்கே பாய்ந்தேன். என் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கட்டுப்போட்ட கையோடும் தையல் போட்ட தலையோடும் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பிரின்சிபால் காத்திருந்தார். "பையனை வெளியில ரூம் பார்த்து அனுப்பிடுங்க" என்றார்.

"எவன் சார் அவனுக்கு ரூம் கொடுப்பான்? விடுதி இல்லேன்னா அவன் படிப்பு போச்சு. எல்லாரும் அவனோட பந்தியில உட்கார்ற வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன்."

விடுதியே பட்டினி கிடந்தது. வெளியே போய்த் தின்னலாம் என்றால் கேட் சாவி என் மடியில். பண்ணைக்காரர் மகன் சமையற்கட்டில் போய் அதட்டியிருக்கிறான். ஓமலூர்ப் பையன் உள்ளே வருவது சமையல்காரருக்கும் ஆகாதுதான். ஆனாலும், "வார்டன் கை வெக்காம ஒருத்தருக்கும் போடமாட்டேனுங்க சாமி" என்று கரண்டியை ஓங்கினாராம்.

பசி வந்தால் பத்தும் பறக்கும். மறுநாள் மத்தியானம் பந்தி நிரம்பியது. கடைசி இலையில் அவன், பக்கத்தில் நான். சோறு விழுந்த பிறகுதான் உறைத்தது, எந்தக் கையை வைப்பது? இடது கையால் தொட்டால் சமையல்காரரே என்னை அடித்திருப்பார்.

பையனிடம் "ஊட்டிவிடு" என்றேன்.

"வேண்டாங்க சார், கொன்னுருவாங்க."

"ஊட்டுடா!"

சோற்றைப் பிசைந்து என் வாயில் வைத்தான். பண்ணைக்காரர் மகன் இலையைக் கிழித்தெறிந்துவிட்டுப் போனான். மற்றவர்கள் சமையல்காரரைப் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வார்டன் சாப்புட்டாச்சுங்க" என்றார்.

பின்னாளில் நானும் பிரின்சிபால் ஆனேன், நிறைய உத்தரவு போட்டேன். அந்தக் கவளத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. எலும்பு கூடும்வரை தினமும் அவன்தான் எனக்கு ஊட்டினான். அவன் கை என் வாய்க்கு வரும்வரை அந்த விடுதியில் ஒருவனும் சாப்பிட முடியாது.