சவரியப்பன் நின்ற இடங்கள்

சங்கையாவுக்கு இருபது வருஷமாக ஒரு மனக்குறை. அவர் கால் முன்னால் வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் முதுகில் மிதித்தால் வாயுப்பிடிப்பு விட்டுப்போகும் என்று திருச்சுழி வரைக்கும் நம்பிக்கை. பிடிப்பு வந்தவனெல்லாம் அவரைத் தேடி வந்து குப்புறப் படுத்தான். மிதிக்கிற கால் வலிக்குமா என்று ஒருத்தன் கேட்டதில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் சித்திரையில் சவரியப்பனும் வந்து படுத்தார். இருவரும் அருப்புக்கோட்டையில் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் ஜோடிச் சுமைகாரர்கள். ஒரே மூட்டையை முன்னும் பின்னுமாகப் பிடித்துப் பலகை ஏறி வண்டியில் போடுவார்கள். ஐம்பது வயதிலும் மாதா திருவிழாவில் சப்பரத்தைத் தோளில் தூக்குகிற முன்தண்டு சவரியப்பனுடையதுதான். நெஞ்சைப் பிடிக்கிறது, வாயு என்றார். சங்கையா மூன்று நாள் மிதித்தார். பிடிப்பு போகவில்லை.

அதற்குப் பிறகுதான் சங்கையா கவனித்தார். நாளுக்கு நாலு வார்த்தை பேசாத மனிதர், கிட்டங்கி மேட்டில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி அவர்கள் வீட்டு ஆட்டின் நலம் விசாரித்தார். ஆள் வராதபோது கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கத்தில் யாரோடும் பேச்சில்லை. நிற்கும்போது நெற்றி வேர்த்திருக்கும். வலது கை இடது தோளைத் தேய்க்கும். அரைப் பீடி குடிக்கிற நேரத்தில் சரியாகி, மறுபடி நடப்பார். வயிறாரச் சாப்பிட்டு ஏறினால் இன்னும் சீக்கிரமே நிற்பார்.

"ஏலே, வாயுன்னா உக்காந்திருக்கயிலயும் வரணுமில்ல? ஒனக்கு மேடு ஏறுனாத்தான வருது," என்றார் சங்கையா.

"அதுக்கு மேடு புடிக்கும் போல," என்றார் சவரியப்பன்.

சங்கையா டவுன் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் சவரியப்பன் ஒன்றுமில்லை என்றதால், சங்கையாதான் நின்ற இடங்களை வரிசையாகச் சொன்னார். நடந்தால் வந்து நின்றால் போகிற வலி, இடது கைக்கும் தாடைக்கும் ஓடுகிற வலி, வாயு இல்லை என்றார் டாக்டர். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கிவிட்டதாம். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். மூட்டையும் தண்டும் தொடக்கூடாது, வலி வந்த இடத்தில் நின்றுவிட வேண்டும், நின்றும் போகாவிட்டால் அசையாமல் படுக்க வைத்து ஆள் அனுப்ப வேண்டும் என்றார். மிதிப்பதையும் நிறுத்தச் சொன்னார். சங்கையாவுக்கு அன்று அது ஒன்றுதான் நல்ல சேதி.

சவரியப்பன் மூட்டை வாய் தைக்கிற வேலைக்கு மாறினார். முன்தண்டைத் தம்பி யாக்கோபிடம் கொடுத்தார். நிற்பதுதான் அவருக்கு வரவில்லை. ஊர் பார்க்க நிற்பதைவிட வலியோடு நடந்துவிடலாம் என்று நினைக்கிற ஆள். அப்படி நடந்து ஒரு நாள் மேட்டு உச்சியில் சாய்ந்துவிட்டார். மாத்திரையை வாயில் வைத்தது சங்கையா.

ஆடி கடைசியில் திருவிழா. அதற்கு நாலு நாள் இருக்கும்போது, விடிகாலையில், சவரியப்பன் படுத்த பாயிலேயே போய்ச் சேர்ந்தார். முந்தின சாயங்காலம் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே சங்கையாவிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"சப்பரத்துக்குப் பின்னால நீயும் எங்கூட நடந்து வா. நான் ஒன் கையப் புடிச்சா, முள்ளு ஏறிருச்சுன்னு நீ உக்காந்துரு. ஒனக்காகத்தான் நிக்கிறேன்னு நான் சொல்லிக்கிருதேன்."