கண்ணாடிக்காரரின் பசை

வெள்ளைப் பொடியை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, காதருகே கொண்டுபோய் மெல்லத் தேய்க்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். "கரகரங்குது. இன்னும் அரைக்கணும்" என்று முனகிவிட்டு, பொடியைப் பலகையில் கொட்டி மறுபடியும் வட்டவட்டமாக அரைக்கத் தொடங்குகிறார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பத்தோரு வருடமாக வில்லை தேய்க்கிறார். எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் மூக்கின் மேல் இருப்பதைப் பார்ப்பார். "இடது பக்கம் தூக்கியிருக்கு, கழட்டுங்க" என்று நடுத்தெருவில் என் கண்ணாடியை வாங்கி, வளைத்து, ஊதி, மாட்டிவிட்டுப் போய்விடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் ஞாபகம் வந்தால்.

அவர் அரைப்பது மருந்தல்ல. கணினிக்குள் சூடேறும் சில்லுக்கும், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டிக்கும் நடுவே ஒரு பசை தடவியிருக்கும். அது காய்ந்துபோனால் சூடு வெளியேற வழியில்லாமல் கணினி தானாகவே அணைந்துவிடும். அவருடையது மகள் படித்த காலத்தில் வாங்கிய கணினி. அவள் திருமணமாகி வெளிநாடு போனபோது விட்டுப்போனது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அதில்தான் அவள் முகம் வரும். பதின்மூன்றாவது நிமிடம் படக்கென்று அணையும். பிறகு அடுத்த ஞாயிறுதான்.

கைபேசியில் பேசலாமே என்று கேட்டேன்.

"அதுல புள்ள முகம் தபால்தலை மாதிரி தெரியுது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி பண்ணிட்டு, நான் அப்படிப் பார்க்கணுமா?"

பசை கடையிலேயே கிடைக்குமே என்றேன்.

"கிடைக்கும். வாங்கித் தடவினா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். மிச்ச நாளெல்லாம் வீட்டுக்கு வந்து நான் என்ன பண்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி இறந்து நாலு வருடமாகிறது. சமையல் மேடையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். மற்ற இடமெல்லாம் பசைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

முதல் கலவையை உதட்டு வெடிப்புக்குத் தடவும் களிம்பில் குழைத்தார். சூட்டில் அது உருகி வழிந்து, பதின்மூன்று நிமிடம் ஏழாகச் சுருங்கியது. அடுத்ததில் வில்லைக்கு மெருகேற்றும் பொடியைச் சேர்த்தார். கை சும்மா இருக்குமா? கட்டியைச் சில்லின் மேல் வைத்ததும், பழக்கதோஷத்தில் வில்லையைத் தேய்ப்பதுபோல் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துவிட்டார். சில்லின் மேலிருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. "முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம்" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். அதன் பிறகு துத்தநாகப் பொடி, சிலிகான் எண்ணெய் என்று பதினொரு கிண்ணம் ஆயிற்று.

பன்னிரண்டாவது கிண்ணத்தில் கரகரப்பு கேட்கவில்லை. சனிக்கிழமை என் கதவைத் தட்டினார். "நாளைக்கு வந்து பாருங்க. இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்."

போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். நான் மகளின் கண்ணில் படாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டேன். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் நாற்பத்தெட்டில் நின்றது. முன்பெல்லாம் தொண்ணூறைத் தாண்டுமாம். மகள் வந்தாள். சாப்பாடு, மாத்திரை, மழை, பேத்திக்கு முளைத்த பல் என்று பன்னிரண்டு நிமிடம் ஓடியது. பதின்மூன்றில் இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"என்னப்பா, இன்னைக்குக் கட்டாகலை?"

"புதுப் பசை போட்டிருக்கேன்மா."

"ஓ. நல்லதுப்பா."

பிறகு, சாப்பிட்டீர்களா என்று மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் கண் ஒரு முறை பக்கத்தில் போய்த் திரும்பியது. அவள் வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பாசமான பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசுவதற்கு இருந்ததெல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்திருந்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அவர் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்தார். நாற்பத்தெட்டு.

"சூடு ஏறுதும்மா" என்றார். "இப்போ அணைஞ்சிடும். நீ போய் வேலையைப் பாரு."

"சரிப்பா, அடுத்த வாரம்..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு அடியில் கையை விட்டு, கணினிப் பெட்டியின் பொத்தானை, திரை இருளும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.